குழல்பூவைக் குப்பை எண்டவர்

முதலே சொல்லிப்போடுறன், அந்த மனிசனை நான் மன்னிக்கேல்லை. செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பங்குச் சுவாமி ஒவ்வொரு முறையும், "மன்னிச்சிட்டீங்களோ?" எண்டு கேப்பார். "முயற்சி செய்யிறன் சுவாமி" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வருவன். பச்சைப் பொய். நான் ஒரு முயற்சியும் செய்யேல்லை.

ஆள் எங்கட கோயிலில பீடத்துக்குப் பூ வைக்கிற பொறுப்பில இருக்கிறவர். நாங்கள் ஊரை விட்டு வந்து குடியேறின இந்தக் குளிர் நாட்டில, மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில பூக்கடை நடத்துறார். கலியாணம், சாமத்தியவீடு, முதல்நன்மை எண்டு எங்கட சனத்தின்ர டெக்கரேஷன் பாதி அவற்ற கையிலதான். பூவெல்லாம் தென்னமெரிக்காவில இருந்து பிளேன் ஏறி வாறது. என்னைவிட வயசு குறைவு, அதால என்னை "அண்ணை" எண்டுதான் கூப்பிடுவார். வாயெல்லாம் தேன். இதில "அவர்" எண்டு எழுதுறது ஒரு மரியாதைக்கு. மனசுக்குள்ள நான் கூப்பிடுற பேர் வேற. அதை இதில எழுதினால் பிறகு கோயில் வாசல் மிதிக்கேலாது.

பூ வளர்த்தது நானில்லை, என்ர மனிசி. மோர்னிங்சைட்டில எங்கட வீட்டுக்குப் பின்னால நல்ல புல்லுத்தரை இருந்தது. ஒரு வசந்தத்தில ஆரோ செடி விக்கிற இடத்தில ரெண்டு சின்னச் சாடி வாங்கிக்கொண்டு வந்து, புல்லைக் கிண்டி நட்டா. பென்ஸ்டெமன் எண்டு சாடியில எழுதியிருந்தது. இந்த நாட்டு மண்ணில தன்ர பாட்டில முளைக்கிற சாதி. கரும்சிவப்புத் தண்டு, அதில அடுக்கடுக்கா வெள்ளைக் குழல் மாதிரிப் பூ, உள்ளுக்குள்ள ஊதாக் கோடு. அவ அதுக்குக் குழல்பூ எண்டு தானே பேர் வைச்சா. குழலுக்குள்ள மயிர் முளைச்ச ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். "இஞ்சாருங்கோ, உங்கட மீசையை இதுக்குள்ள ஆரோ ஒட்டிவிட்டிருக்கினம்" எண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சா.

எனக்குப் பூவும் தெரியாது, மண்ணும் தெரியாது. உதவி செய்வம் எண்டு ஒருக்கா ஒரு மூட்டை மாட்டெரு வாங்கிக் கொட்டினன். செடியெல்லாம் மதமதவெண்டு வளர்ந்து, பூக்கிற நேரம் பார்த்து நிலத்தில சரிஞ்சுது. "உங்களைக் கேட்டனானே? இது பட்டினி கிடந்து பழகின செடி. நீங்கள் என்னெண்டால் கலியாணச் சாப்பாடு போட்டிருக்கிறியள்!" எண்டு ரெண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. எங்கட பக்கம் மண்ணும் சரியான களி. மழை பெய்தால் தண்ணி நிண்டு வேர் அழுகிப்போகும். அதால மணலும் சல்லிக்கல்லும் கலந்து பாத்தியை உயர்த்திக் கட்டினா. பழைய லேஸ் கேர்ட்டின் எல்லாத்தையும் தைச்சுப் பூவுக்கு மேல விரிச்சா. வண்டு உள்ளுக்குப் போய் வந்திட்டால் அந்தக் குழல் ரெண்டு நாளில கழண்டுபோம், வண்டு தொடாத பூ கிழமைக்கணக்கில தண்ணியில நிக்கும் எண்டு சொன்னா. கீழ்ப்பூ நாலைஞ்சு விரிஞ்சு, மேல மொட்டா இருக்கேக்க, வெயில் ஏற முன்னம் வெட்டவேணும். இதெல்லாம் அவ தானே பார்த்துப் பார்த்துப் பிடிச்சது.

மாம்பழச் சண்டையையும் சொல்லவேணும். ஜூன் எண்டால் எங்கட வீடுகளில மாம்பழம் பெட்டி பெட்டியாத்தானே வரும். நான் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து குசினி மேசையில, அவ வெட்டின பூ நிண்ட வாளிக்குப் பக்கத்தில வைச்சிட்டுப் படுத்திட்டன். விடிய எழும்பிப் பார்த்தால் மேசையெல்லாம் வெள்ளைக் குழல். தண்டு மொட்டையா நிக்குது. பழம் பழுக்கேக்க விடுற காத்துப் பட்டால் இந்தப் பூவுக்குத் தன்ர காலம் முடிஞ்சுதெண்டு ஒரு நினைப்பு வருமாம், உடன கொட்டிப்போடுமாம். அண்டைக்கு எனக்கு விழுந்த பேச்சைச் சொன்னால் வெக்கம். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில மாம்பழத்துக்குக் கராஜ்தான்.

ஞாயிறு பூசை முடிய, கோயில் ஹோல் வாசலில ஒரு சின்ன மேசை போட்டுக் கட்டுக் கட்டா வித்தா. சனம் விரும்பி வாங்கிச்சுது. ஆனால் விக்கிறது இல்லை அவவின்ர ஆசை. ஒரேயொரு ஆசை இருந்தது. தான் வளர்த்த பூ ஒரு ஞாயிறெண்டாலும் பீடத்தில நிக்கவேணும், அவ்வளவுதான். வீடு வேணும், நகை வேணும் எண்டு வாழ்நாளில ஒருக்கா வாய் திறக்காத மனிசி. ஆளிட்டை அவ போய்க் கேக்கேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். "தம்பி, ஒரு ஞாயிறு எங்கட தோட்டத்துப் பூவைப் பீடத்தில வைப்பமே?" ஆள் ஃபோனைப் பார்த்தபடியே, "பாப்பம் அக்கா" எண்டார்.

அந்தப் "பாப்பம்" எண்ட சொல்லை நம்பி அவ ஒவ்வொரு ஜூனும், ஒவ்வொரு சனியும், திறமான தண்டுகளாப் பார்த்து வெட்டி பேஸ்மென்ற் இருட்டில தண்ணிக்க வைச்சா. திடீரெண்டு கூப்பிட்டால் குடுக்க வேணுமாம். ஒருத்தரும் கூப்பிடேல்லை. அடுத்த வருஷம் திரும்பவும் கேட்டா. திரும்பவும் "பாப்பம் அக்கா". நான் நேர போய் நாலு கேள்வி கேக்க வெளிக்கிட்டன். "கோயிலுக்க சண்டை பிடிக்காதேங்கோ. கடவுளுக்குத் தெரியும்" எண்டு கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டா. கடவுளுக்குத் தெரிஞ்சு என்ன? பூ வைக்கிறது கடவுளில்லையே.

பிறகு அவ வருத்தம் வந்து படுக்கையில விழுந்தா. அதைப் பற்றி நான் எழுதமாட்டன். ஜூனில செத்தா. பூ நல்ல உச்சத்தில நிண்ட நேரம்.

இறுதிப் பூசைக்கு எல்லாப் பூவையும் நான் என்ர கையால வெட்டினன். அவ சொன்ன மாதிரியே, வெயில் ஏற முன்னம். ரெண்டு வாளி. சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால வரேக்க இந்தப் பூ அங்க நிக்கவேணும், உயிரோட கிடைக்காததை அண்டைக்கெண்டாலும் பார்த்திட்டுப் போகட்டும் எண்டு. விடியவே கொண்டுபோய் வைச்சிட்டு, மனிசியைக் கூட்டிக்கொண்டு வரப் போனன். திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில பெரிய வெள்ளை லில்லி, றோஸ், பிளாஸ்ரிக் மினுக்கம். என்ர பூ எங்கயெண்டு தேடினன். பீடத்துக்குப் பின் அறையில, கறுப்புக் குப்பை பாக்குக்குள்ள, தலைகீழாக் கிடந்தது.

ஆள் வந்தார். என்ர தோளில கையைப் போட்டு, மெதுவா, "அண்ணை, உது குப்பை மாதிரிக் கிடந்தது. அக்காவுக்கு மரியாதையா இருக்கட்டும் எண்டு மாத்திவிட்டனான். காசைப் பற்றி யோசியாதேங்கோ" எண்டார். வெளியில பாட்டுத் தொடங்கிட்டுது, பெட்டி உள்ளுக்கு வருது. மனிசியை வைச்சுக்கொண்டு அந்தாளின்ர சேட்டுக் கொலரைப் பிடிக்கேலுமே? பல்லைக் கடிச்சுக்கொண்டு போய் முன் வரிசை வாங்கில இருந்தன். அந்தப் பூசையில ஒரு சொல்லு எனக்குக் காதில விழேல்லை.

அதுக்குப் பிறகுதான் நான் பூ வளர்க்கத் தொடங்கினது. சனம், பாவம் மனிசியின்ர நினைவாச் செய்யிறார் எண்டு உச்சுக் கொட்டிச்சுது. நினைவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கோபத்தில வளர்த்தனான். மிச்சப் புல்லையும் கிண்டினன். வேரைப் பிரிச்சுப் பிரிச்சு நட்டு, பாத்தியைப் பெருப்பிச்சன். ஒவ்வொரு களை புடுங்கேக்கயும் அந்தாளின்ர மூஞ்சையை நினைச்சுப் புடுங்கினன், வேரோட வந்தது. மேசையையும் விடேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தாளின்ர கண்ணில படக்கூடிய இடமாப் பார்த்துப் போட்டன். "உங்கட பூ நல்ல வடிவு, அண்ணை" எண்டு சொல்லிக்கொண்டு போவார்.

போன வருஷம் மாசி மாதம் அவற்ற மகள் என்ர மேசைக்குப் பதிலா வீட்டுக்கே வந்திட்டா. இஞ்ச பிறந்த பிள்ளை, மரியாதையான பிள்ளை. ஜூனில கலியாணமாம். "அங்கிள், எனக்கு லோக்கல் பூ மட்டும்தான் வேணும். பிளேனில வாறது ஒண்டும் வேண்டாம். அப்பாக்கு நான் சொல்லிட்டன், ஹீ இஸ் சோ மேட்" எண்டு சிரிச்சா. தகப்பன் பூக்கடை முதலாளி, மகளுக்குத் தகப்பன்ர பூ வேண்டாம்! எனக்கு உள்ளுக்குள்ள வெடி கொளுத்தின மாதிரி ஒரு சந்தோஷம். "தாறன் பிள்ளை, எல்லாத்தையும் தாறன்" எண்டன்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஆள் தன்ர கடை வானை ஓட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின்ர பிடிவாதம், அதால வழியில்லாமல் வந்து நிண்டார். ஹோலுக்கும் கோயில் நடைபாதைக்கும் மகள் கேட்ட பூவாம். பீடத்துக்கு மட்டும் தன்ர லில்லிதானாம், அதைப் பகலே வைச்சு முடிச்சிட்டாராம். "பீடம் பீடம்தானே அண்ணை, அதில விளையாடேலாது" எண்டார். நான் வாளிகளைத் தூக்கிக் குடுத்தன்.

வானுக்குள்ள அடுக்கிக்கொண்டே கதைச்சார். கடைக் குளிரறை வேற கலியாணப் பூவால முட்டி வழியுதாம். அதால விட்பியில தன்ர வீட்டு முன்படிக்குக் கீழ இருக்கிற கோல்ட் ரூமில வைக்கப்போறாராம். "நல்ல குளிர் அண்ணை. வந்த சனம் எல்லாம் மாம்பழப் பெட்டியோடதான் வந்திறங்கியிருக்கு, அதையும் அதுக்கதான் அடுக்கி வைச்சிருக்கு. வாழைக்குலையும் அங்கதான் தொங்குது. எண்டாலும் இடம் காணும். கதவைச் சாத்தினால் காத்துப் போகாது."

காத்துப் போகாத அறை. பழுக்கிற மாம்பழம். பழுக்கிற வாழைக்குலை. நடுவில என்ர குழல்பூ.

இத்தினை வருஷம் பூக்கடை வைச்சிருக்கிற மனிசனுக்கு இது தெரியாதோ எண்டு நீங்கள் கேப்பியள். பிளேனில வாற பூ வழியிலயே கொட்டாமல் இருக்க மருந்து குடிச்சிட்டு வாறது. அதைக் கொண்டுபோய் மாம்பழச் சந்தையில வைச்சாலும் அசையாது. ஆள் வாழ்க்கையில மருந்து குடியாத பூவைக் கையில தொட்டதில்லை. ஒருக்காத் தொட்டவர்தான், அதைக் குப்பை பாக்கில போட்டிட்டார்.

ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். என்ர வாய் திறக்கவும் செய்தது. திறந்து, "கவனமாக் கொண்டுபோம் தம்பி" எண்டு மட்டும் சொல்லிச்சுது. வான் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலில நிண்டு கையாட்டினன். அப்பிடி ஒரு நிம்மதி எனக்கு எத்தினையோ காலமா வரேல்லை. இதுக்காக நான் வெக்கப்படவும் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில சொல்லவும் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்தது? அதை வெறுங்கையோட விட நான் ராட்சசன் இல்லை. வேலியோரப் பாத்தி முழுவதையும் வெட்டாமல், கேர்ட்டினுக்குக் கீழ அப்பிடியே விட்டு வைச்சிருந்தன். ஆள் திரும்பி வருவார் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்.

வந்தார். விடிஞ்சும் விடியாததுமா, காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி. கலியாணத்துக்குப் போடுற பட்டு வேட்டி, மேல சும்மா ஒரு ரீசேட். "அண்ணை, எல்லாம் கொட்டிப்போச்சு! நிலம் முழுக்க வெள்ளை. தண்டு மட்டும்தான் நிக்குது. மகளுக்கு இன்னும் காட்டேல்லை. என்ன வருத்தம் அண்ணை பூவுக்கு?"

நான் ஆறுதலாக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தன். "வருத்தம் ஒண்டும் இல்லை. மாம்பழத்தோட வைச்சால் கொட்டும்" எண்டன்.

"உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம்."

"அப்ப ஏன் அண்ணை நேற்று ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"குப்பைதானே தம்பி. குப்பை கொட்டினால் என்ன, கொட்டாட்டி என்ன?"

அப்பதான் ஆளுக்கு விசயம் ஓடி வெளிச்சுது. "செத்தவீட்டுக் கதையை இன்னும் மனசில வைச்சிருக்கிறியளே அண்ணை..." எண்டு இழுத்தார். ஓமெண்டன். வேற எங்க வைக்கிறது எண்டும் கேட்டன். பிறகு வேலியோரப் பாத்தியைக் காட்டி, கேர்ட்டினை எடும் எண்டன். எடுத்தார். பனி துளிச்சபடி பூ நிண்டுது, ஒரு குழல் விழாமல். ஆளின்ர கண்ணில தண்ணி முட்டிச்சுது. எனக்கு முட்டேல்லை.

"எல்லாத்தையும் கொண்டுபோம். ஆனால் முதலில பீடத்துக்கு. உம்மட லில்லியை இறக்கிப்போட்டு, உம்மட கையால இதை வைக்கவேணும். மிச்சம்தான் நடைபாதைக்கும் ஹோலுக்கும். பூசை தொடங்க முன்னம் இது ஆர் நட்ட பூ எண்டு சுவாமி பேர் சொல்லவேணும். ஏலாதெண்டால் அந்தா கேற், வெளிக்கிடும்."

"சுவாமியிட்டை நான் என்னெண்டு சொல்லுறது அண்ணை?"

"உண்மையைச் சொல்லும். புதுசாத்தான் இருக்கும், சொல்லிப் பாரும்."

வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு முழங்காலில இருந்து வெட்டினார். நான் கத்தரிக்கோலைத் தவிர ஒரு உதவியும் செய்யேல்லை. "அதை வெட்டாதேயும், கீழ்ப்பூ இன்னும் விரியேல்லை." "தண்டைக் கொஞ்சம் நீளமா விடும்." "அடியிலைகளை உருவும், தண்ணி நாறும்." கதிரையில இருந்து அதிகாரம் பண்ணினன். பட்டு வேட்டி முழங்காலடியில களிமண். மகளின்ர கலியாண நாளில என்ர மனிசியின்ர பாத்திக்கு முன்னால ஆள் முழந்தாளில. சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தேத்தண்ணி மாதிரி ஒரு தேத்தண்ணி நான் பிறகு குடிக்கேல்லை.

பூசைக்குப் போனன். கடைசி வாங்கில இருந்தன். பீடத்தின்ர ரெண்டு பக்கமும் குழல்பூ, வெள்ளையும் கரும்சிவப்பும். லில்லியின்ர அடையாளமே இல்லை. சுவாமி மைக்கில என்ர மனிசியின்ர முழுப்பேரையும் சொல்லி, "இந்த மலர்களை நட்டு வளர்த்த சகோதரி" எண்டார். சனம் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது. கலியாணப் பொம்பிளை நல்ல சந்தோஷமா நடந்து போனா. நான் வெண்டிட்டன். நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தன்.

பூசையில சமாதானம் சொல்லுற நேரம் வந்தது. பக்கத்தில இருக்கிறவைக்குக் கை குடுத்து, "சமாதானம் உங்களோடு" எண்டு சொல்லவேணும். பாத்தால், பொம்பிளையின்ர தகப்பன் முன் வாங்கில இருந்து எழும்பி, கோயிலின்ர முழு நீளமும் நடந்து என்னட்டை வாறார். கையை நீட்டினார். "அண்ணை, செத்தவீட்டில நான் செய்தது பிழை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ" எண்டார். பொய்யில்லை.

நான் கையை நீட்டேல்லை. என்ர வாயில வந்தது வேற. "செத்தவீட்டை விடும். அவ உயிரோட இருக்கேக்க உம்மட்டைக் கேட்டவவெல்லே, ஒரு ஞாயிறு இந்தப் பூவை வைக்கட்டோ எண்டு. ரெண்டு தரம் கேட்டா. ஏன் குடுக்கேல்லை?"

ஆள் என்ர முகத்தையே பார்த்தார். நெத்தியைச் சுருக்கி யோசிச்சார். "அக்கா கேட்டவவோ?" எண்டார். "எப்ப அண்ணை? எனக்கு ஞாபகமே இல்லையே."

நடிக்கேல்லை. நடிச்சிருந்தால் எனக்குத் தெரியும், எத்தினை வருஷமா அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவன் நான். அவவின்ர பூவில எரிச்சல் பட்டு, வேணுமெண்டுதான் மறிச்சு வைச்சவர் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். மறிக்கவும் இல்லை, எரிச்சல் படவும் இல்லை. காதில விழவே இல்லை. அவ ஜூன் ஜூனா பேஸ்மென்ற் இருட்டில பூவைக் காவல் காத்துக்கொண்டிருந்தது அந்தாளின்ர வாயில தற்செயலா விழுந்த ஒரு சொல்லுக்காக.

நீட்டின கை அப்பிடியே நிண்டது. சுத்தியிருந்த சனம் பார்த்துக்கொண்டு நிண்டது. குடுக்கேல்லை. ஆள் தலையைக் குனிஞ்சுகொண்டு திரும்பி நடந்தார். பாடல் தொடங்கிச்சுது.

அடுத்த நாள் அவவைப் புதைச்ச சேமக்காலைக்குப் போனன். கல்லுக்குப் பக்கத்தில புல்லில இருந்து எல்லாத்தையும் சொன்னன். கோல்ட் ரூமில கொட்டினது, பட்டு வேட்டியில பிரண்ட மண், பீடத்தில பூ நிண்ட வடிவு, சுவாமி பேர் சொன்னது, சனம் திரும்பிப் பார்த்தது. சிரிச்சிருப்பா, பிறகு பேசியும் இருப்பா. ஆளுக்கு நீ கேட்டதே ஞாபகம் இல்லையாம் எண்டதை மட்டும் நான் அவவிட்டைச் சொல்லேல்லை.